பழைய இயந்திரமும் புதிய கட்டுப்பாடும்

மனிதருக்கு முதுமை வருவதுபோல் இயந்திரத்துக்கும் முதுமை வரும். ஆனால் இயந்திரத்தின் உறுப்புகள் எல்லாம் ஒரே காலத்தில் மூப்படைவதில்லை. எஃகினால் ஆன உடல் ஐம்பது ஆண்டு உழைத்த பின்னும் உறுதியாக நிற்கும். அதனை அடக்கி ஆளும் கட்டுப்பாட்டுக் கருவிகளோ அதற்கு வெகுமுன்பே தளர்ந்துவிடும். அந்நிலையில் இயந்திரம் முழுவதையும் கழித்துவிட வேண்டுமா, கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால் போதுமா? பிலாய் உருக்காலையிலும் மும்பைப் பட்டறைகளிலும் பணிபுரியும் நம்மவர் பலருக்கு இக்கேள்வி புதியதன்று. இதற்கு நல்ல விடை தரும் இடம் ஒன்று தமிழ்நாட்டின் மேற்கெல்லையை ஒட்டியே இருக்கிறது. அதுவே இடுக்கி மலைநாடு.

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில், முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு திருவிதாங்கூர் அரசு அமைத்த நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. படிப்படியாக வளர்ந்து, ஆறு இயந்திரங்களுடன் 37,500 கிலோவாட் திறன் பெற்றது. அங்கிருந்து வெளியேறும் நீரையே மீண்டும் பயன்படுத்தும் செங்குளம் நிலையம் 1954-இல் எழுந்தது. அடுத்த பத்தாண்டில் பன்னியாறு நிலையமும் தோன்றியது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்தவை இவை.

இந்நிலையங்களில் கட்டுப்பாடு என்பது யாது? நம் நாட்டின் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்னும் அளவில் ஓட வேண்டும். அதற்கு ஜெனரேட்டரின் வேகம் மாறாதிருத்தல் வேண்டும். ஆலைகளும் விளக்குகளும் மின்சாரத்தை மிகுதியாகக் கேட்கும்போது சக்கரம் தளரப் பார்க்கும். கேட்பது குறைந்தால் விரைந்து சுழலப் பார்க்கும். இதனைச் சமன் செய்யும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். பழைய கவர்னரில், சுழலும் தண்டில் பொருத்திய இரு குண்டுகள் வேகம் மிகும்போது விலகும், குறையும்போது நெருங்கும். அவ்வசைவு எண்ணெய் அழுத்தத்தின் துணையால் பெருகி, நீர் பாயும் வாயிலில் உள்ள ஊசியை நகர்த்தும். ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குப் பயன்படுத்திய முறையின் வழித்தோன்றலே இது.

மின்கம்பி அறுந்து, சுமை திடீரென நீங்கிவிட்டால் என்ன ஆகும்? நீரை நிறுத்தாவிட்டால் சக்கரம் கட்டுக்கடங்காமல் சுழலும். உடனே நிறுத்தினாலோ, பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து விரைந்து வரும் நீர் முட்டிக்கொண்டு, குழாயையே பிளக்கும் அழுத்தத்தை உண்டாக்கும். ஆகவே முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையைச் சக்கரத்தினின்று விலக்கிவிடும். பின்னர் ஊசி மெல்ல மூடும். விரைவும் நிதானமும் ஒருங்கே வேண்டிய செயல் இது.

இத்தகைய கருவிகளில் ஆண்டுகள் செல்லச் செல்ல இணைப்புகள் தேய்கின்றன. மலைநாட்டு ஈரத்தில் ரிலேக்களின் தொடுமுனைகளில் களிம்பு ஏறுகிறது. கம்பிகளின் உறை வெடிக்கிறது. செய்த கம்பெனி அக்கருவியையே கைவிட்டிருக்கும். உதிரி உறுப்பு கிடைப்பதில்லை. ஓசையைக் கேட்டே குற்றத்தை அறிந்த தொழிலாளியும் ஓய்வு பெற்றுவிடுகிறார். பள்ளிவாசல், செங்குளம், பன்னியாறு மூன்றும் 2000-களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டதற்கு இத்தகைய முதுமையே காரணம். குண்டுகளின் இடத்தில் வேகத்தை மின்குறிகளாக எண்ணும் உணரி, ரிலே வரிசையின் இடத்தில் சிறு கணினி, ஊசிமுள் மானிகளின் இடத்தில் திரை என்பதே புதுப்பித்தலின் பொதுவான முறை. ஓர் இயந்திரத்தை நிறுத்தி வேலை நடக்கையில் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். சுமையை வேண்டுமென்றே திடீரென நீக்கிச் சோதித்த பின்னரே புதிய கட்டுப்பாட்டை நம்புவர்.

எனினும், அறையைப் புதுப்பித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. 2007 செப்டம்பர் 17-ஆம் நாள் பன்னியாற்றின் அழுத்தக் குழாய் வெடித்து 8 பேர் உயிரிழந்தனர். 1976-இல் தொடங்கிய இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் நிலையத்தில், 2011 ஜூன் மாதம் கட்டுப்பாட்டுப் பலகைப் பகுதியில் தீப்பற்றியது. அதில் காயமுற்ற பணியாளர் இருவர் பின்னர் மாண்டனர். முன்னது இயந்திரக் கூடத்திற்கு வெளியே நேர்ந்தது. பின்னது கட்டுப்பாட்டின் நடுவிலேயே நேர்ந்தது. மூளை, நரம்பு, கை, கால் அனைத்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டும் என்பதே இவ்விரண்டின் படிப்பினை.

கையும் காலும் எவை என்பதை அறியப் பாலக்காட்டுக்கு வருவோம். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு கடந்து செல்லும் வழியில் உள்ள கஞ்சிக்கோட்டில், மத்திய அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் 1970-களில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. அந்நிறுவனத்தின் கோட்டாத் தொழிற்சாலை 2017-இல் மூடப்பட்டபோதும் இது தொடர்ந்து இயங்கியது. மின் நிலையங்களுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் வேண்டிய கட்டுப்பாட்டு வால்வுகள் இங்கு உருவாகின்றன. கணினி இடும் கட்டளையைச் செயலாக்கும் கை இவ்வால்வுதான். அழுத்தப்பட்ட காற்று ஒரு சவ்வைத் தள்ள, வால்வு திறக்கும் அல்லது மூடும். காற்று நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தானே அதனை ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டு சேர்க்கும். நீர்மின் நிலையங்களின் பெரிய வால்வுகளிலும், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் தன் கனத்தாலேயே இறங்கி வழியை அடைக்கும் எடைக்கல் அமைப்பது வழக்கம்.

புதிய கட்டுப்பாட்டின் தரத்தை அளக்கும் கோல் இதுவேயாகும். திரை எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கொண்டு அதனை மதிப்பிட இயலாது. மின்சாரம் நின்று, கணினி ஊமையாகி, மனிதர் ஓடவும் நேரமில்லாத வேளையில் இயந்திரம் எப்பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் வேலை செய்யும் ஆலையில் புதிய பலகை வந்து இறங்கும்போது, "இது நின்றுபோனால் வால்வு திறக்குமா, மூடுமா? கையால் மூட வழி இருக்கிறதா? அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?" என்று கேட்பது நம் உரிமை, உடன் உழைப்போர்க்கு நாம் ஆற்றும் கடமையும் அதுவே.