காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் எங்கே போகிறது?

ஆளில்லாத அறையில் மின்சார விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. “சுற்றட்டும், திரும்பி வரும்போது அறை குளிர்ச்சியாக இருக்கும்” என்று சிலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கதவை மூடிய அறை சற்று சூடாகத்தான் இருக்கும்!

விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. மின்சார சக்தியைச் சுழற்சியாக மாற்றி, காற்றை அசைக்கிறது. அந்தக் காற்று நம் உடம்பில் பட்டு வியர்வையை உலர்த்துகிறது. உலரும் வியர்வை உடம்பின் உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நமக்குச் சுகமாக இருக்கிறது. ஆளே இல்லாத அறையில் யாருடைய வியர்வை உலரும்? மோட்டாரின் சூடும், அசைந்த காற்று அடங்கும்போது உண்டாகும் சூடும் அறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

மின்சாரத்தைக் கொண்டு இடைவிடாத சுழற்சியை உண்டாக்க முடியும் என்று 1821-ல் லண்டனில் காட்டியவர் மைக்கேல் பாரடே. பாதரசக் கிண்ணத்தின் நடுவே ஒரு காந்தத்தை நிறுத்தினார். மின்சாரம் பாய்ந்த கம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. நம் வீட்டு விசிறி, மாவரைக்கும் கிரைண்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் அந்தக் கம்பியின் வாரிசுகள்தாம்.

இஸ்திரிப் பெட்டியில் வேறு கதை. அங்கே நமக்கு வேண்டியதே சூடுதான். மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகிவிடுகிறது. ஆனால் பெட்டிக்குப் பசி அதிகம். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடேறினால் 1 யூனிட் தீர்ந்துவிடும்.

ஊதாரி என்றால் பழைய குண்டு பல்புதான். அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உஷ்ணமாகப் போய்விடுகிறது. வெளிச்சம் என்று கிடைப்பது சொற்பமே. கோழிக் குஞ்சுகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அதைக் கூண்டில் தொங்கவிட்டவர்கள் கெட்டிக்காரர்கள்! 60 வாட் குண்டு பல்பு கொடுக்கும் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு கொடுக்கிறது. 1 யூனிட்டில் முன்னது பதினாறரை மணி நேரம் எரியும். பின்னது 111 மணி நேரம் எரியும்.

விசிறியிலும் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருக்கிறது. பழைய மாதிரி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது மாதிரி மோட்டாருக்குச் சுமார் 30 வாட் போதும். விலை கூடுதல்தான். ஆனால் முழு வேகத்தில் சுற்றினாலும் பழையது 13 மணி நேரத்தில் தீர்க்கும் யூனிட்டைப் புதியது 33 மணி நேரம் வைத்திருக்கும். கடையில் நிறத்தைப் பார்க்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.