ஸ்கூலுக்கு நடந்து போனாலே பாதி உடற்பயிற்சி முடிஞ்சாச்சு!
வேன், பைக்கில் போகும் டீன்-ஏஜ் பிள்ளைகள் இழப்பது என்ன?

சென்னை:

காலையில் அவசரம், சாயங்காலம் டியூஷன், ராத்திரி செல்போன். இதில் பிள்ளைங்க எப்போ ஓடியாடுறது? 10-வது, பிளஸ்-2 வந்துவிட்டால் பி.டி. பீரியடிலும் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது ஸ்கூலுக்குப் போய்வரும் வழி மட்டும்தான்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைத்து உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இந்தியாவில் 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 100-க்கு 74 பேர் இந்த அளவை எட்டவில்லை என்பது 2016-ம் ஆண்டு கணக்கு. உலக அளவில் பையன்களைவிட பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம்.

கணக்கு ரொம்ப ஈஸி

ஸ்கூல் 1 கிலோ மீட்டர் தூரம் என்றால் நடக்க சுமார் 15 நிமிடம் ஆகும். போக, வர அரை மணி நேரம். அதாவது, பாதி கோட்டா காசு செலவில்லாமல் முடிஞ்சாச்சு! 3 கிலோ மீட்டர் தூரத்தை சைக்கிள் மிதித்துப் போனாலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான்.

பஸ்சில் போகிற பிள்ளையும் வீட்டில் இருந்து ஸ்டாப்புக்கும், ஸ்டாப்பில் இருந்து ஸ்கூலுக்கும் நடக்கிறது. வீட்டு வாசலில் ஏற்றி ஸ்கூல் வாசலில் இறக்கும் வேனிலும், அப்பாவின் பைக்கிலும் இது எதுவுமே கிடையாது.

ஒரு விஷயம். ஆடி அசைந்து நடந்தால் பலன் குறைவு. நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இதோடு ஓட்டம், விளையாட்டு போன்றவை வாரத்தில் 3 நாளாவது வேண்டும். எலும்பும் தசையும் உறுதியாகும்.

இலவச சைக்கிள்

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காக 2001-ல் ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ்-1 மாணவ, மாணவிகள் எல்லோருக்கும் விரிவானது. ஜிம், கோச்சிங் என்று காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த சைக்கிளே ஜிம். அது திண்ணையில் துருப்பிடித்துக் கிடந்தால் யாருக்கும் லாபம் இல்லை.

பயம் நியாயம்தான்

பிளாட்பாரம் முழுக்க கடையும் பைக்கும். நடுரோட்டில் பிள்ளையை எப்படி நடக்க விடுவது என்ற பெற்றோரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நடக்க இடம் விட்டால்தான் பிள்ளைங்க நடப்பாங்க.

அதற்காக லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது இன்னும் பெரிய ஆபத்து. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி பெற்றோருக்கு ரூ.25 ஆயிரம் அபராதமும், 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

* ஒரே தெரு பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போகட்டும்.

* தூரம் அதிகமா? பைக்கில் கொண்டுவிடும் அப்பா, பிளாட்பாரம் நன்றாக இருக்கும் இடத்தில் அரை கிலோ மீட்டர் முன்பே இறக்கி விடலாம்.

* அன்றைய டைம்டேபிள்படி புத்தகம் எடுத்து வைத்தால் பை கனம் குறையும்.

* 10 நிமிடம் முன்னாடி கிளம்பினால் ஓட்டமும் இல்லை, லேட்டும் இல்லை.