கோல்ப் மைதானமும் கடைச் சிட்டையும்

மளிகைக் கடை அன்பர்களுக்குக் கோல்ப் எதற்கு என்று தோன்றலாம். சென்ற கார்த்திகை வரை நாமும் அப்படித்தான் இருந்தோம்.

கொடைக்கானல் சில்லறை வியாபாரி ஒருவரிடம் மூன்று மாதப் பாக்கி நின்றது. வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் போய்க் கேட்டதும், அவர் தமது பற்றுச் சிட்டையை நம் முன்னால் வைத்தார். அதில் ஐந்து பேர் பெயருக்கு எதிரே ‘கேடி’ என்று எழுதியிருந்தது.

"கேடிகளுக்கா கடன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம்.

"அண்ணாச்சி, இது போலீஸ் கேடி இல்லை. கோல்ப் ஆடுகிறவருக்குப் பை தூக்கும் ஆள். மழையில் ஆட்டம் இல்லை, அவர்களுக்குக் கூலி இல்லை. எனக்கு எங்கிருந்து வரவு?" என்றார்.

நேரில் பார்த்துவிடுவோம் என்று அந்த ஐவரில் ஒருவரை அழைத்துக்கொண்டு, மழை விட்ட நேரத்தில் தூண் பாறை சாலையிலுள்ள கொடைக்கானல் கோல்ப் கிளப்புக்குப் போனோம். 1895-ல் தொடங்கிய கிளப் அது. அனுமதி கேட்டு ஓரமாக நடந்தோம்.

மொத்தம் 18 குழிகள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 1764-ல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்களாம். அந்தக் கணக்கே பிறகு உலகெங்கும் நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடம் டீ. அங்கே சிறு முளைமேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு; நம் 50 கிராம் எடைக்கல்லைவிட லேசு. டீயிலிருந்து குழி வரை வெட்டிவிட்ட புல்வெளி பேர்வே. அதன் இரு பக்கமும் வளர்ந்த புல் ரப். அதற்குள் போன பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் அவகாசம். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. வழியில் வேண்டுமென்றே வைத்த மணற்குழி பங்கர். அதில் பந்து விழுந்தால், அடிக்குமுன் பந்தை ஒட்டிய மணலில் மட்டையை ஊன்றக் கூடாது. கடைசியில் வழவழவென்ற புல்தரை கிரீன். அங்கேதான் கொடியும் நாலேகால் அங்குல அகலக் குழியும் இருக்கின்றன. இங்கே பந்தைத் தட்டி உருட்டுவதோடு சரி.

ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்கலாம் என்ற கணக்கு பார். மூன்று, நான்கு அல்லது ஐந்து. குறைந்த அடியில் முடித்தவர் வென்றவர். போட்டியில் ஒருவர் கணக்கை இன்னொருவர் எழுதுவார். உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டால் பொதுவாகப் போட்டியிலிருந்தே நீக்கம்தான். நமக்கு மிகவும் பிடித்த விதி இது.

பதினான்கு மட்டை வரை உள்ள பையைச் சுமப்பது, பந்து விழுந்த இடத்தைக் கண்வைப்பது, மணலைச் சமன் செய்வது, கிரீனின் சரிவைச் சொல்வது எல்லாம் கேடியின் வேலை. "காட்டெருமை வந்து நின்றுவிட்டால் அதுவாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும் ஐயா" என்றார் உடன் வந்தவர். மேட்டிலும் பள்ளத்திலும் நாலு மணி நேர நடை. மழை பிடித்தால் அதுவும் இல்லை. அவர் சம்பாதிக்கும் மாதம் வேறு, அரிசி வாங்கும் மாதம் வேறு என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

கடைக்குத் திரும்பி, பாதிப் பாக்கியை வாங்கிக்கொண்டு, மீதிக்கு மே மாதக் கடைசி வரை தவணை எழுதினோம். அந்த ஐவரின் பற்றையும் அதே தவணைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னோம். சிட்டையில் ‘கேடி’ என்பதை அடித்துவிட்டு ‘கோல்ப்’ என்று எழுதும்படியும் சொல்லிவிட்டு மலையிறங்கினோம்.