ஒற்றை 'டிக்'

ஒஸ்லோவின் ஃபுருசெத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கார் இருபது வயதைத் தாண்டியது. திறப்பைத் திருப்பினால் சில நாட்களில் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மூன்றாம் நான்காம் தரம் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் எடுத்துவிடும். கராஜில் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒருநாளும் குழப்படி செய்யாது. முதலில் பற்றரியை மாற்றினார்கள், பிறகு ஆல்டர்னேட்டரை. காசு போனதுதான் மிச்சம். 'இனி உடைக்கக் கொடுத்துவிடலாமா?' என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். அந்த ஒற்றை 'டிக்' பாதி விடையைச் சொல்லிவிட்டது.

எப்போதும் இருக்கிற பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். விட்டு விட்டு வருகிற பழுதுக்கோ ஏதாவது ஒரு துணை வேண்டும்: சூடு, குளிர், ஈரம், அதிர்வு. அந்தத் துணை எது என்று அறிவதுதான் பெரிய வேலை. அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் வந்த ஏராளமான ஃபோர்ட் வாகனங்களில், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை எஞ்சினோடு ஒட்டிய டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியிருந்தார்கள். எஞ்சின் கடுமையாகச் சூடேறினால் பெட்டி செயலிழந்து வண்டி நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். ஆறின வண்டியைச் சோதிக்கிறவருக்கு அது நல்ல வண்டி. இதைப் பற்றிய வழக்கு நீண்டு, 2000 ஆம் ஆண்டில் கலிஃபோர்னிய நீதிபதி ஒருவர் அந்த வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அளவுக்குப் போனது.

ஆகவே கார் அடம்பிடிக்கும்போதெல்லாம் குறித்துவையுங்கள்: வெளியே எத்தனை பாகை, எஞ்சின் சூடா குளிரா, கடைசியாக எவ்வளவு தூரம் ஓடியது, என்ன சத்தம். சத்தத்தைக் கைபேசியில் பதிந்துகொண்டால் இன்னும் நல்லது. 'சிலநேரம் எடுக்குதில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

சத்தத்தில் நிறைய விஷயம் இருக்கிறது. படபடவென்று டிக்டிக்டிக் என அடித்தால் பற்றரி மெலிந்திருக்கிறது, அல்லது அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் திறப்புச் சுவிட்ச், ரிலே பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் கார் 'பி'யில் எடுக்காமல் 'என்'னில் எடுத்தால் கியர் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது பெற்றோல், ஸ்பார்க், திருட்டுத் தடுப்பு சம்பந்தப்பட்டது. அதை இன்னொரு முறை எழுதுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது ஒற்றை 'டிக்'தான். அதைப் புரிந்துகொள்ள 1912க்குப் போக வேண்டும். அந்த ஆண்டுக் காடிலாக்கில்தான் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. எஞ்சினைச் சுழற்றக்கூடிய மோட்டார் காருக்குள் அடங்காது என்றே அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். இந்த மோட்டார் நாள் முழுதும் ஓடத் தேவையில்லை, சில விநாடி ஓடினால் போதும் என்று கெட்டரிங் கண்டார். அப்படியானால் சின்ன மோட்டாருக்குள்ளேயே அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தைச் செலுத்தலாம். இன்றைக்கும் அதே கணக்குத்தான். சாதாரண பெற்றோல் கார் ஸ்டார்ட் எடுக்கையில் 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தைத் திறப்புச் சுவிட்ச் தாங்காது. அதனால் ஸ்டார்ட்டரின் முதுகில் சொலினொயிட் என்ற இன்னொரு பெரிய சுவிட்சை ஏற்றியிருக்கிறார்கள்.

அதைத் திறந்தால் உள்ளே இரண்டு சிறிய செப்புத் துண்டுகள். ஒன்று பற்றரிக் கம்பியோடு சேர்ந்தது, மற்றது மோட்டாரோடு. நடுவில் ஓர் இரும்புத் தண்டு, அதன் நுனியில் வட்டமான செப்புத் தட்டு. திறப்பைத் திருப்பியதும் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும், தட்டு இரண்டு துண்டுகளையும் ஒருசேரத் தொடும், மோட்டார் சுழலும். தண்டு ஓடி முட்டுகிற சத்தம்தான் 'டிக்'. ஒவ்வொரு தொடுகையிலும் மின்பொறி எழுந்து செப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு துண்டுகளில் பள்ளம் விழும், பெரும்பாலும் ஒன்றில் அதிகமாக. பிறகு தட்டு ஒரு துண்டைத் தொட்டு மற்றதை மயிரிழையில் தவறவிடும். 'டிக்' கேட்கும், மோட்டார் அசையாது. ஆனால் தண்டு தன் அச்சில் திரும்பக்கூடியது. ஒவ்வொரு இழுப்பிலும் தட்டு கொஞ்சம் சுழன்று வேறொரு விளிம்பைக் கொடுக்கும். தேயாத விளிம்பு வந்து நின்ற அன்று மின்சாரம் பாய்ந்துவிடும். நாலாம் தரம் கார் ஸ்டார்ட் எடுப்பது இப்படித்தான். ஜப்பானிய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் இது பேர்போன தேய்மானம். துண்டுகள் தனியாகவே விற்பனைக்கு உண்டு. புது ஸ்டார்ட்டரின் விலையில் அது சிறு பங்கு.

இது கராஜில் பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. கணினியைச் செருகிப் பிழைக்குறியீடு பார்க்கிறார்கள். தேய்ந்த செப்பைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. குறியீடு இல்லை என்றால் பழுதே இல்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பற்றரியில் 12.6 வோல்ற் காட்டுகிறது, எல்லாம் சரி என்பார்கள். தோட்டத்துக்கு இறைக்கும் குழாயின் வாயைக் கையால் பொத்தினால், உள்ளே பாதி அடைத்திருந்தாலும் முழு அழுத்தமும் கைக்குத் தெரியும். கையை எடுத்தால்தான் தண்ணீர் எவ்வளவு குறைவாக வருகிறது என்று தெரியவரும். பற்றரியையும் கம்பிகளையும் மின்னோட்டம் பாயும்போதுதான் அளக்க வேண்டும். ஒரு கம்பியில் 0.01 ஓம் தடை கூடினாலே 150 அம்பியர் பாய்கையில் 1.5 வோல்ற் அங்கேயே தொலைந்துவிடும்.

ஒஸ்லோவில் இது எளிதில் நடக்கும். பனிக்காலம் முழுதும் தெருவில் உப்பு. தூசியை அடக்க மக்னீசியம் குளோரைட்டும் தெளிக்கிறார்கள். எஞ்சினையும் கார் உடலையும் இணைக்கும் எர்த் கம்பி அடியில் நனைந்தபடியே கிடக்கும். மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செப்பு பச்சை பூத்துக் கறல் பிடித்திருக்கும். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கியரை நடுநிலையில் விட்டு, கைபிரேக்கை இழுத்து, பெல்ற் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொண்டு, இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. 'டிக்' கேட்கிற அதே கணத்தில் சொலினொயிட்டின் பற்றரிப் பக்க ஆணியில் 12 வோல்ற் இருந்து, மோட்டார் பக்க ஆணியில் ஒன்றுமே இல்லையென்றால், செப்புத் துண்டுகள் தேய்ந்துவிட்டன என்று உறுதியாகச் சொல்லலாம்.

சுத்தியலால் ஸ்டார்ட்டரைத் தட்டுகிற பழைய வைத்தியமும் உண்டு. உள்ளே கார்பன் பிரஷ் சிக்கியிருந்தால் பலிக்கும். ஆனால் பிந்திய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் நிலைக்காந்தம் இருக்கிறது. ஓங்கித் தட்டினால் அது வெடித்துவிடும்.

குளிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பற்றரியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் அம்பியர் கணக்கு −18 பாகையில் எடுத்தது. அந்தக் குளிரில் பற்றரியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எஞ்சின் ஒயிலோ தடித்து இன்னும் அதிக பலம் கேட்கும். ஸ்தொவ்னரிலிருந்து அல்னாபுறுவுக்குப் பத்து நிமிட ஓட்டம், ஆசனச் சூடு, பின்கண்ணாடிச் சூடு, போதாததற்கு நோர்வேயில் 1988 முதல் எல்லாக் கார்களுக்கும் பகலிலும் விளக்கு. ஸ்டார்ட் எடுக்கச் செலவானது திரும்பி வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். நெஸ்பீனில் இயங்கும் டெஃபா நிறுவனத்தின் எஞ்சின் சூடாக்கியின் செருகி பழைய கார்கள் பலவற்றின் முன்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அநேகர் அதைத் தொடுவதே இல்லை. தொடுங்கள். இளஞ்சூடான எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கு அரைவாசிச் சிரமம்கூட இராது.

இப்படித் தேடிப்பிடிப்பது எங்கள் பெற்றோருக்குப் பழக்கமானது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரியும் தடைப்பட்ட பொருள். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் எது பழுது என்று திட்டமாகத் தெரியாமல் எவரும் எதையும் கழற்றமாட்டார்கள். காதால் கேட்டு, கையால் தொட்டு, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போவார்கள். அவர்களின் பிள்ளைகளான நாங்கள், எல்லாமே கிடைக்கிற நகரத்தில் நல்ல பாகத்தைக் கழற்றி எறிகிறோம். பிறகு நல்ல காரையே எறிகிறோம். ஒரு துண்டுச் செப்புக்காக இருபது வருடம் உழைத்த வண்டியை நசுக்கக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

மின்கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். 2024 செப்டெம்பரில் நோர்வே வீதிகளில் பெற்றோல் கார்களை மின்கார்கள் எண்ணிக்கையில் முந்தின என்பது உண்மைதான். ஆனால் மின்காரிலும் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சுகளை மூடுவது அதுதான். அது படுத்துவிட்டால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் அசையாது. ஐந்தாறு வயதான 12 வோல்ற் பற்றரி என்றால் ஒக்டோபரிலேயே கராஜில் கொடுத்து, சுமை ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். வெறும் வோல்ற் கணக்கை மட்டும் வாசித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.