சாமிக்கும் பிராது, சர்க்காருக்கும் பிராது

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர். அங்கே பலிபீட வடிவில் இருக்கும் கொளஞ்சியப்பர் என்கிற முருகனுக்கு மக்கள் மனு எழுதுகிறார்கள். களவு போன நகை, ஏமாற்றிய பங்காளி, திரும்பி வராத கடன் என்று குறையை எழுதி, சன்னதியில் வைத்து வணங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிடுவார்கள். ‘பிராது கட்டுதல்’ என்று பெயர்.

சாமிக்குப் பக்கத்தில் நிற்பவர் மேலேயே குறை என்றால்?

கடலூர்ச் சீமைக்கு இது பழைய கேள்வி. 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அங்குள்ள நடராசர் கோயிலில் பூசை செய்யும் தீட்சிதர்களின் நடைமுறைகளைக் கண்டித்தார். கோயிலில் கூடித் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கும் போனார். சிவபூசை தவறாத மனிதர் அவர். கோர்ட் படியேறியதில் பக்திக்குக் குறைவு வரும் என்று அவர் நினைக்கவில்லை. அதே வழக்கில் இழுக்கப்பட்ட வள்ளலார் வேறு வழி கண்டார்: 1872-ல் வடலூரில் சாதி பாராத சத்திய ஞான சபை.

தில்லை மூவாயிரவர் எனப்படும் இந்தத் தீட்சிதர்களில் நடராசரும் ஒருவர் என்பது மரபு. அப்படியொரு பெருமை பெற்றவர்களிடம் பக்தர்கள் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம்தான். சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட, 2008-ல் அரசாணையும் போலீஸ் காவலும் தேவைப்பட்டன. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலத்தில் இப்படி நடந்தது வேதனை.

நடராசர் சன்னதி முன்னுள்ள கனகசபை மீதேறித் தரிசிக்கலாம் என்று 2022 மே மாதம் அரசாணை வந்தது. அடுத்த மாதம் அறநிலையத்துறைக் குழு கோயில் நிர்வாகம் பற்றிக் கருத்துக் கேட்டபோது 19,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அத்தனையும் புகார் அல்ல. தீட்சிதர்களை ஆதரித்தும் பலர் எழுதினார்கள்.

நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ளலாமா என்ற வழக்கில், 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் கேள்வி கேட்கும் கதவை அது அடைக்கவில்லை. நிர்வாகச் சீர்கேடு இருந்தால் அதைச் சரிசெய்ய அரசு தலையிடலாம். சரியானதும் விலகிவிட வேண்டும் என்றது. அதனால் கோயிலில் குறை கண்ட பக்தர் மனமுருகி வேண்டிக்கொள்வதோடு, நாள், நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரிகளிடமும் கொடுத்தாக வேண்டும்.