தனியாக ஒரு சைக்கிள், முன்னால் ஒரு இந்தியா: இதெல்லாம் தெரியுமா?

புறா, குதிரை, மீன், கார், ஜெட் விமானம் என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த யாருக்கு மிகக் குறைந்த சக்தி போதும்? முதல் இடம் யாருக்குத் தெரியுமா? சைக்கிள் மிதிக்கும் மனிதருக்கு! 1973-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எஸ்.எஸ். வில்சன் எழுதிய கட்டுரை இதைப் படம் போட்டே காட்டியது. நடக்கிறபோது செலவாவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியில் அதே தூரத்தைச் சைக்கிளில் கடந்துவிடலாம். அதுவும் மூன்று நான்கு மடங்கு வேகத்தில்!

இப்படிப்பட்ட வண்டியில், கூட ஆளில்லாமல், பின்னால் கார் வராமல் இந்தியாவைச் சுற்றுகிறவர்களின் ஒரு நாளைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தனியாக வருகிற ஒருவருக்குத் தேவையான அத்தனையும் இந்த நாட்டின் சாலையோரத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. யாரும் சைக்கிள் பயணிக்காக என்று செய்து வைத்ததில்லை. ஆனாலும் இருக்கிறது!

நாள் தொடங்குவது விடிவதற்கு முன்பே. வெயிலுக்குப் பயந்து மட்டும் அல்ல, காற்றுக்காகவும்தான். தரை சூடேறச் சூடேற மேலே ஓடும் காற்று கீழே இறங்கி வந்து முகத்தில் அறையும். காலையில் அது அடங்கிக் கிடக்கும். எதிர்காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதைக் கால்கள் இயற்பியல் படிக்காமலே கற்றுக்கொள்ளும்!

ஆனால் விடியல் எத்தனை மணிக்கு? நாடு முழுக்க ஒரே கடிகாரம்தான். சூரியன் அதைக் கேட்பதில்லை. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு மூலைக்கும் குஜராத்தின் மேற்கு ஓரத்துக்கும் சூரிய உதயத்தில் கிட்டத்தட்ட 2 மணி நேர வித்தியாசம்! டிசம்பரில் மேல் அசாமில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதே நாளில் துவாரகைப் பக்கம் ஓட்டுகிறவருக்கு ஆறு மணி வரை வெளிச்சம் உண்டு. இதனால்தான் அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இன்றைக்கும் ‘பாகான் டைம்’ என்று தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன, இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்! பத்து மணிக்கு வரச் சொன்னால் எந்தப் பத்து மணி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சுமையோடு 100 கிலோமீட்டர் மிதித்தால் சுமார் 3,000 கலோரி காலியாகும். அதை நிரப்பும் பொறுப்பை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக ஏற்றுக்கொள்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அவலும் ஜிலேபியும் ஒரே தட்டில் வரும். உப்பும் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஒரே வாயில்! தமிழ்நாட்டுச் சாலையில் கம்மங்கூழ்ப் பானையும் மோர் மிளகாயும். பீகாரில் சத்தூ. வறுத்த கடலையை அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்து, கருப்பு உப்பு, வறுத்த சீரகத் தூள், எலுமிச்சம்பழச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கலக்கிக் கண்ணெதிரே டம்ளரில் ஊற்றித் தருவார்கள். புரதம், உப்பு, தண்ணீர் மூன்றும் ஒரே மூச்சில் உள்ளே போகும். விளையாட்டு வீரர்களுக்கென்று டப்பாவில் விற்கும் பானங்களை விட இதைத்தான் நான் நம்புவேன்.

பையில் கிடக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு இந்திய மண்ணிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது, தெரியுமா? 1971, வங்கதேசப் போர். எல்லையோர ஊரான பன்காவ்ன் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வர, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது! ரகசியம் இதுதான்: குளுக்கோஸ் உடன் இருந்தால் குடல் உப்பை வேகமாக உறிஞ்சும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். மே மாத வெயிலில் சட்டையில் வெள்ளை உப்புக்கோடு படியப் படிய மிதிக்கிறவருக்கு வெறும் தண்ணீர் ஏன் போதாது என்பதற்கும் அதே விடைதான்.

மைல்கல்லைப் பார்த்தே சாலையின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்! மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. சைக்கிள்காரர்களைக் கேட்டால் பச்சைக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்: லாரி குறைவு, நிழல் அதிகம், டீக்கடைக்குப் பஞ்சமில்லை. மும்பை–புனே விரைவுச் சாலையிலும் பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்திலும் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. ஆனால் அசாமில் 2017-இல் திறந்த 9 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தோலா–சதியா பாலத்தைத் தாராளமாக மிதித்தே கடக்கலாம். சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணமும் இல்லை!

மைல்கல்லுக்கும் முன்னோடி உண்டு. முகலாயர் காலத்தில் பெருவழிகளில் ஒரு கோசுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு ஒன்று என்று, செங்கல் தூண்களை நிறுத்தினார்கள். ஹரியானாவில் வயலுக்கு நடுவே இன்றைக்கும் பல நிற்கின்றன. ஒன்று டெல்லி மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே இருக்கிறது!

அப்படியொரு பெருவழியில், 1886-இல், லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதித்து வந்தவர் யார் தெரியுமா? தாமஸ் ஸ்டீவன்ஸ். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர்! வண்டியோ முன் சக்கரம் மட்டும் 50 அங்குலம் இருந்த பழைய உயரச் சைக்கிள். கியர் இல்லை, காற்றடைத்த டயரும் இல்லை. சங்கிலிகூடக் கிடையாது, பெடல் நேராக முன் சக்கரத்திலேயே இருக்கும். அதில் ஏறித் தார் போடாத சாலையில் அத்தனை தூரம்! பதிலுக்கு நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. 1923-இல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் 1928-இல் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள், சுமார் 71,000 கிலோமீட்டர் மிதித்து!

இனி பஞ்சர் கடை. இந்தியாவின் மகத்தான நிறுவனம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். புளியமரத்தடி, தொங்கும் பழைய டயர், ஒரு தகரப் பாத்திரத்தில் அழுக்குத் தண்ணீர். கடைக்காரர் ட்யூபில் காற்றை ஏற்றி அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி நகர்த்துவார். ஓட்டை இருக்கும் இடத்தில் கடுகு அளவு குமிழி வரிசையாகக் கிளம்பும். விரலால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்து, பிறகே ஒட்டுப் போடுவார். காத்திருக்கும் அந்தச் சில நிமிடம்தான் வித்தை. ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த ஊர் வரைகூடத் தாங்காது.

அவரிடம் இருக்கும் வால் ட்யூபைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன விரலில் பாதிகூட இல்லாத ரப்பர் குழாய். நம் ஊர்ச் சைக்கிளின் வால்வு ஊசியில் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதன் மேல் இந்த ரப்பர் இறுக்கமாகப் போர்த்தியிருக்கும். பம்பு அடித்தால் காற்று ரப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் காற்றே ரப்பரை அமுக்கித் துளையை மூடிவிடும்! ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. ஆனால் வெளிநாட்டு வண்டிகளின் ஒல்லி வால்வுக்கு இந்தக் கடையின் பம்பு பொருந்தாது. நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்தவர்களுக்குத்தான் ஊரெல்லாம் காற்று கிடைக்கும்.

இன்னொரு பொறி டயரில் இருக்கிறது. நம் பால்காரர் சைக்கிளுக்கும் ‘28’ டயர்தான். நவீனப் பயணச் சைக்கிள் டயர் பலவற்றின் மேலும் ‘28’ என்றே அச்சடித்திருக்கும். ஆனால் முன்னதன் ரிம் 635 மில்லிமீட்டர், பின்னதன் ரிம் 622! வெறும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் டயர் மற்றதில் நிற்கவே நிற்காது. உதிரி டயரைக் கேரியரிலேயே கட்டிக்கொண்டு போகிறார்களே, காரணம் இதுதான். மற்றபடி செயின், பெடல், பிரேக் கட்டை எல்லாம் எங்கேயாவது தேறிவிடும். லூதியானாவில் தொடங்கிய ஹீரோ சைக்கிள்ஸ் 1986-லேயே உலகின் மிகப் பெரிய சைக்கிள் தயாரிப்பாளர் என்று கின்னஸில் ஏறிய நாடு இது!

டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கூட்டம். எந்த மொழி பேசும் ஊரானாலும் கேள்விகள் அதே வரிசையில் வரும்: எங்கேயிருந்து, எங்கே, தனியாகவா, வண்டி என்ன விலை, வீட்டில் என்ன சொன்னார்கள்? அதற்குள் ஒரு சிறுவன் கியர் லிவரை டக்டக்கென்று தட்டிப் பார்த்திருப்பான். கிளம்பி முதல் மிதியிலேயே செயின் படபடவென்று நாலு பல் தாவும். பழகியவர்கள் உருட்டிப் பார்த்த பிறகே ஏறுவார்கள். டீக்குக் காசு நீட்டினால், பக்கத்தில் இருந்தவர் முன்பே கொடுத்துவிட்டார் என்று கடைக்காரர் கையை ஆட்டுவதும் அடிக்கடி நடக்கிறதே, அதற்கு என்ன கணக்கு எழுதுவது?

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள்! இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பாக வைத்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஓடும் சக்கரம்தான் அதற்கு இலக்கு. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது.

மலைக்கு வருவோம். லடாக்கின் கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பலகை மாட்டி உலகமே அதன் முன் நின்று படம் எடுத்தது. ஜிபிஎஸ் வைத்து அளந்தால் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி! 800 அடி குறைந்தால் என்ன, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரிலேயே தண்ணீர் 88 டிகிரி அருகில் கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி வேகாமல் அடம்பிடிக்கும். அந்தப் பக்கத்துக் கூடாரக் கடைகளில் குக்கர் ஓயாமல் விசிலடிப்பதற்கும், நூடுல்ஸ் ராஜாவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

நாட்டின் மறுகோடியில் சோதனை வேறு மாதிரி. காஷ்மீரிலிருந்து மிதித்து வந்து, கன்னியாகுமரி எட்டிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆரல்வாய்மொழி கணவாய்! தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கிக்கொண்டு பாயும் இடம். முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது சும்மாவா? ஜூன், ஜூலையில் வந்தால் இறக்கத்தில்கூட மிதித்தே இறங்க வேண்டும்.

பெண்கள் தனியாக? 10-வது பிறந்த நாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் அட்லஸும் பரிசாகப் பெற்ற அயர்லாந்துச் சிறுமி டெர்வ்லா மர்ஃபி, அப்போதே இந்தியாவுக்கு மிதித்துப் போவது என்று முடிவெடுத்தார். 1963-இல் 31 வயதில் கிளம்பி டெல்லி வந்தே சேர்ந்தார்! மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் மாவட்டத்து ஆஷா மால்வியா, பெண் ஒருத்தி தனியாக இந்த நாட்டைச் சுற்ற முடியும் என்று காட்டுவதற்காகவே 2022-இல் போபாலிலிருந்து கிளம்பினார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் பலருக்குப் பக்கத்து ஊருக்கு யாரையும் கேட்காமல் போனதே முதல் தனிப்பயணம். அதை இமயத்துக்குச் சற்றும் குறையாத தூரம் என்பேன்.

ராத்திரி எங்கே? வட இந்தியாவில் லாரி ஓட்டுநர்களுக்காக டாபா வாசலில் போட்ட கயிற்றுக் கட்டில், ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டவருக்குப் பெரும்பாலும் இலவசம். குருத்வாராவில் மதம், ஊர், சாதி எதுவும் கேட்காமல் சோறு போடுவார்கள். பலவற்றில் தங்கவும் இடம் உண்டு. தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுப் பந்தியில் தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அமிர்தசரஸ் பொற்கோவில் லங்கரில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள்! வெளிநாட்டவர் லாட்ஜில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன ஊர் லாட்ஜுகள் தயங்குவது அதனால்தான். நமக்கு ஆதார் போதும். துணி துவைப்பது மட்டும் தினசரிக் கடமை. காயாத ஜட்டி மறுநாள் கேரியரில் காற்றாடியபடி வரும். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்ப? சைக்கிளும் உங்களோடு அதே ரயிலில் வரும்! டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் ஆபீசில் பிரேக் வேனுக்கு லக்கேஜ் போடலாம். ரயில் கொஞ்ச நேரமே நிற்கும் ஸ்டேஷனில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் பெரிய ஜங்ஷனாகப் பார்த்து, நேரத்தோடு போய்விடுங்கள். வண்டியில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கட்டுங்கள். பக்கத்தில் பைக் அனுப்ப வந்தவர் டேங்கிலிருந்து பெட்ரோலை வடித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அந்த வேலையும் இல்லை!