வெற்றிடப் பம்பியின் வினைத்திறன்

கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையிற் காய்ச்சினால், நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தினாற் சீனியின் ஒரு பகுதி கருகி நிறங்கெடும். இக்குறையை நீக்க, எட்வர்ட் சார்ள்ஸ் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர் 1813ஆம் ஆண்டில் மூடிய பாத்திரமொன்றை வகுத்தார். உள்ளே அமுக்கம் குறைந்ததும், பாகு 65, 70 பாகையளவிலேயே கொதிக்கலாயிற்று. அமுக்கத்தைக் குறைத்து வைப்பது வெற்றிடப் பம்பி. பால்மா, மருந்து, மின்குமிழ் செய்யும் ஆலைகளும் இன்று அதனையே நம்பியுள்ளன.

அப்பம்பி செவ்வனே உழைக்கின்றதா என அறிவது எங்ஙனம்? அமுக்கமானியின் முள்ளைப் பார்த்தாற் போதும் என்பர் பலர். முள் காட்டுவது உள்ளிருக்கும் அமுக்கத்தை மாத்திரமே. அதற்குச் செலவான வலுவை அது காட்டாது. குறித்ததோர் அமுக்கத்தில் மணிக்கு எத்துணை வளியைப் பம்பி அகற்றுகின்றது, அதற்கு எவ்வளவு வலுவை உண்கின்றது என்னும் இரண்டையும் சேர்த்தே வினைத்திறனைக் கணித்தல் வேண்டும். 100 மில்லிபார் அமுக்கத்தில் மணிக்கு 100 கன மீற்றர் வளியை உள்வாங்கி வெளியே தள்ளுவதாகக் கொள்வோம். வளியின் வெப்பநிலை மாறாதிருப்பின், கொள்கையளவில் இதற்குச் சுமார் 640 வாற்று போதும். மோட்டரோ 2,500 வாற்றை உண்ணுமாயின், வினைத்திறன் காற்பங்குக்குச் சற்றே மேல். எஞ்சியது உராய்விலும் வெப்பத்திலும் கழிந்துவிடுகின்றது.

சுழலும் நீர்வளையத்தால் வளியை அடைத்துத் தள்ளும் பம்பிகளும் உள. இவற்றில் நீரின் சூடு முக்கியமானது. நீரின் ஆவியமுக்கம் 15 பாகையில் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் இரசம். 30 பாகையிலோ 32. அந்த எல்லைக்குக் கீழே இப்பம்பி தனித்து இறங்கமாட்டாது. ஆகவே, 15 பாகை நீரைக்கொண்டு சோதித்துப் பதிந்த எண்ணை வெப்ப நாட்டு ஆலையில் அப்படியே எதிர்பார்த்தல் தகாது.

பல வேளைகளிற் குற்றம் பம்பியினுடையதன்று. குழாய் மூட்டுக்களின் கசிவே காரணம். அதனை அறிய ஒரு கடிகாரமும் ஓர் அமுக்கமானியுமே போதும். பாத்திரத்தை வெறுமையாக்கி, பம்பிக்குச் செல்லும் வாயிலை அடைத்து, முள் ஏறும் வேகத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். 10 கன மீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் 10 நிமிடத்தில் 10 மில்லிபார் ஏறுமாயின், நிமிடந்தோறும் சுமார் 10 இலீற்றர் வெளிவளி புகுகின்றது. உள்ளே 100 மில்லிபார் அமுக்கத்தில் அதுவே 100 இலீற்றராக விரிந்துவிடும். அத்தனையையும் பம்பி வீணே இறைக்கின்றது. ஓர் இறப்பர் வளையத்தாற் தீரும் குறைக்குப் பெரிய பம்பி வாங்குவோரும் உளர்! இச்சோதனைக்குப் பாத்திரம் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். ஈரமிருப்பின், கசிவே இல்லாதபோதும் நீராவி முள்ளை ஏற்றிவிடும்.